விரலை எந்தச் சொல்லின்மேல் வைக்கிறாய்?

குடியாத்தத்திலிருந்து ஒரு தாய் ஒரு கேள்வி கேட்டிருக்கிறார். அவருடைய மகள் ஏழாம் வகுப்பில் படிக்கிறாள். தமிழைத் தடங்கல் இல்லாமல் வாசிக்கிறாள்; கதையில் என்ன நடந்தது என்று கேட்டால் ஒன்று விடாமல் சொல்கிறாள். ஆனால் ‘இதை எழுதியவரின் நோக்கம் என்ன, அவர் எந்தப் பக்கம் நின்று பேசுகிறார்’ என்று கேட்டால் மட்டும், எந்தப் பாடமாக இருந்தாலும் ‘நமக்கு நல்லறிவு ஊட்டுவதே ஆசிரியரின் நோக்கம்’ என்று ஒரே விடையை எழுதிவிடுகிறாள். இதை வீட்டில் எப்படிச் சொல்லிக்கொடுப்பது என்று கேட்கிறார்.

வேலூர் மாவட்டம் அணைக்கட்டு வட்டாரத்துப் பள்ளிகளில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் தமிழ் கற்பித்தவன் என்ற முறையில் எனக்குத் தெரிந்ததை விரிவாகவே சொல்கிறேன். முதலில், உங்கள் மகளிடம் குறை எதுவும் இல்லை. எந்த விடையை எழுதினால் மதிப்பெண் கிடைக்கும் என்பதை அவள் கவனித்து வைத்திருக்கிறாள். அது கூர்மையான பிள்ளை செய்கிற வேலை. அவளுக்கு இன்னும் பிடிபடாதது வேறொன்று. பாடப்புத்தகத்தில் இருப்பதை ஓர் ஆள் உட்கார்ந்து எழுதினார் என்பதே பெரும்பாலான பிள்ளைகளின் மனத்தில் இருப்பதில்லை. மழை பெய்வதைப் போல, பாடம் தானாக வந்து விழுந்திருக்கிறது என்றுதான் அவர்கள் எடுத்துக்கொள்கிறார்கள். எழுதிய ஆள் கண்ணுக்குத் தெரியாதபோது, அந்த ஆளின் நோக்கத்தைக் கேட்டால் பிள்ளை என்னதான் சொல்லும்?

அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தில் இசபெல் பெக், மார்கரெட் மெக்கியோன் என்ற இரு ஆய்வாளர்கள் 1990களில் இதே சிக்கலைத்தான் கையில் எடுத்தார்கள். பாடத்தை எழுதியவரும் நம்மைப் போலத் தவறக்கூடிய மனிதர்தான் என்று முதலிலேயே பிள்ளைகளிடம் சொல்லிவிட்டு, வாசித்துக்கொண்டே போகும்போது இடையிடையே நிறுத்தி, ‘இவர் என்ன சொல்ல வருகிறார், இந்த இடத்தைத் தெளிவாகச் சொல்லியிருக்கிறாரா, ஏன் இதை இப்போது சொல்கிறார்’ என்று எழுத்தாளரையே கேள்வி கேட்கவைக்கும் முறையை அவர்கள் வகுத்தார்கள். பாடத்தை முழுவதும் வாசித்து முடித்துவிட்டுக் கடைசியில் ‘நோக்கம் என்ன’ என்று கேட்பதைவிட, மூன்று வரிக்கு ஒருமுறை இப்படி நிறுத்திக் கேட்பது பிள்ளைக்கு எளிது என்பதை நான் என் வகுப்பிலேயே பார்த்திருக்கிறேன்.

நோக்கமும் கண்ணோட்டமும் ஒன்றல்ல என்பதை அடுத்தபடியாகத் தெளிவாக்கிவிட வேண்டும். எழுதியவர் இந்த எழுத்தால் என்ன நடக்க வேண்டும் என்று விரும்புகிறாரோ அது நோக்கம். அவர் எங்கே நின்றுகொண்டு பார்க்கிறார் என்பது கண்ணோட்டம். பாலாற்றங்கரையில் தோல் தொழிற்சாலைக் கழிவால் கிணறு கெட்டுப்போன ஒரு விவசாயியை எடுத்துக்கொள்ளுங்கள். திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகத்தில் நடக்கும் குறைதீர் கூட்டத்துக்கு அவர் மனு எழுதுகிறார். அன்றிரவே, வெளியூரில் இருக்கும் தம்பிக்கும் எழுதுகிறார். இரண்டிலும் கண்ணோட்டம் ஒன்றுதான், அவர் நிற்பது அதே கிணற்றடியில்தான். ஆனால் மனுவின் நோக்கம் நடவடிக்கை எடுக்கவைப்பது, கடிதத்தின் நோக்கம் மனத்தில் உள்ளதைக் கொட்டித் தீர்ப்பது. மனுவில் சர்வே எண் இருக்கும். கடிதத்தில் அப்பா வெட்டிய கிணறு என்ற சொல் இருக்கும். இந்த இரண்டையும் நீங்களே நான்கு நான்கு வரியில் எழுதி, எது யாருக்குப் போகிறது என்று சொல்லாமல் மகளிடம் கொடுத்துப் பாருங்கள். அவள் சரியாகச் சொல்லிவிடுவாள். ‘எப்படிக் கண்டுபிடித்தாய்’ என்று கேட்கும்போதுதான் பாடம் தொடங்குகிறது.

நான் சொல்ல விரும்புவதெல்லாம் அந்த ஒரு கேள்விக்குள் அடங்கிவிடும். பிள்ளை என்ன விடை சொன்னாலும், சரி என்றோ தவறு என்றோ உடனே சொல்லாமல், ‘எந்தச் சொல்லை வைத்துச் சொல்கிறாய்? அதன்மேல் விரலை வை’ என்று கேளுங்கள். விரல் வைக்க இடம் இல்லாத விடை ஊகம். விரல் வைத்துவிட்டால், விடை நாம் எதிர்பார்த்தது இல்லை என்றாலும் அது வாசிப்பு.

ஓய்வு பெறுவதற்கு முந்தைய ஆண்டில் ஆறாம் வகுப்பில் நடந்ததைச் சொல்கிறேன். எங்கள் வட்டாரத்தில் விளையும் இலவம்பாடி முள்ளுக் கத்திரிக்காய்க்கு 2023இல் புவிசார் குறியீடு, அதாவது இந்தப் பகுதிக்கே உரிய பொருள் என்ற அரசு அங்கீகாரம், கிடைத்திருந்தது. அதைப் பற்றி நானே மூன்று பத்திகள் எழுதிக் கரும்பலகையில் போட்டேன். முதலாவது: ‘இலவம்பாடி முள்ளுக் கத்திரிக்காய் வேலூர் மாவட்டத்தில் பயிராகிறது. இதன் காம்பில் முட்கள் இருக்கும். 2023ஆம் ஆண்டு இதற்குப் புவிசார் குறியீடு வழங்கப்பட்டது.’ இரண்டாவது: ‘ஊரே பேர் சொல்லும் முள்ளுக் கத்திரி! இந்த ருசி வேறெங்கும் கிடையாது! இன்றே வாங்கிச் செல்லுங்கள்!’ மூன்றாவது: ‘கத்திரிக்காய்க்குக் குறியீடு கிடைத்ததாம். பறிக்கும்போது என் விரலில் ஏறுகிற முள்ளுக்கு மட்டும் இன்னும் ஒன்றும் கிடைக்கவில்லை.’

முதல் பத்தி எதற்கு என்று கேட்டதும், “தெரிஞ்சிக்கறதுக்கு சார்” என்றார்கள். இரண்டாவதற்கு, “விக்கறதுக்கு சார்” என்று வகுப்பே கத்தியது. மூன்றாவதில் அமைதி. கொஞ்ச நேரம் கழித்து, பின்வரிசையில் இருந்த ஒரு சிறுமி, “அந்த அம்மாவுக்குக் கோவம் சார்” என்றாள். அவளுடைய அம்மா கூலிக்குக் காய் பறிக்கப் போகிறவர். கோபம் எந்தச் சொல்லில் இருக்கிறது என்று கேட்டேன். அவள் எழுந்து வந்து கரும்பலகையில் ‘கிடைத்ததாம்’ என்ற சொல்லின் கடைசி எழுத்துகளின்மேல் விரலை வைத்தாள். “கெடச்சுதுன்னு சொல்லல சார், கெடச்சுதாம்னு சொல்றாங்க. அவங்களுக்கு ஒண்ணும் வரல.” ‘ஆம்’ என்ற அந்த ஒரே ஒரு ஒட்டுக்குள் கேள்விப்பட்ட செய்தி என்பதும், தன் கைக்கு வந்துசேராத செய்தி என்பதும், அதில் தனக்குள்ள மனத்தாங்கலும் சேர்ந்தே இருக்கின்றன. எந்த இலக்கணப் புத்தகத்தையும் திறக்காமல் பதினொரு வயதுப் பிள்ளை அதைப் பிடித்துவிட்டாள், ஏனென்றால் வீட்டில் நாள்தோறும் அந்த ‘ஆம்’ அவள் காதில் விழுகிறது.

அதன்பின், முதல் பத்தியில் கண்ணோட்டம் இருக்கிறதா என்று கேட்டேன். இல்லை, அது வெறும் தகவல் என்றார்கள். மறுபடி ஒருமுறை வாசிக்கச் சொன்னேன். ஒரு பையன் தயங்கித் தயங்கி, “அதுல பறிக்கறவங்களே இல்ல சார்” என்றான். என் ஆசிரிய வாழ்க்கையில் நான் கேட்ட மிகச் சிறந்த விடைகளுள் ஒன்றாக அதை இன்றும் வைத்திருக்கிறேன். எழுதப்பட்ட சொல்லில் மட்டுமல்ல, எழுதாமல் விட்டதிலும் எழுதியவர் நிற்கும் இடம் தெரியும். நடுநிலையாகத் தோன்றும் பத்தியும் எதைச் சொல்வது, எதை விடுவது என்று தேர்ந்தெடுத்துத்தான் எழுதப்பட்டிருக்கிறது. அதற்காக அந்தப் பத்தி பொய் என்று ஆகிவிடாது. குறியீடு 2023இல் கிடைத்தது என்பது யார் எழுதினாலும் 2023தான்.

தமிழில் வாசிக்கும் பிள்ளைக்கு இந்த வேலையில் ஒரு பெரிய வசதி உண்டு. நம் மொழியில் வினைமுற்றே பக்கம் சொல்லிவிடும். ‘வந்தான்’ என்று எழுதுவதா, ‘வந்தார்’ என்று எழுதுவதா என்று முடிவுசெய்யாமல் ஒரு வாக்கியத்தைக்கூட முடிக்க இயலாது. பழைய கதைகளில் முதலாளி ‘வந்தார்’, வேலைக்காரன் ‘வந்தான்’ என்று இருப்பதைப் பிள்ளையிடம் காட்டி, இரண்டையும் மாற்றிப் போட்டு உரக்க வாசிக்கச் சொல்லுங்கள். காதுக்கு ஏன் வித்தியாசமாக இருக்கிறது என்று அவளே யோசிப்பாள். இடைச்சொற்களும் அப்படித்தான். ‘அவள் தேர்ச்சி பெற்றாள்’ என்பதற்கும் ‘அவள்கூடத் தேர்ச்சி பெற்றாள்’ என்பதற்கும் நடுவில், அவளைப் பற்றி எழுதியவர் முன்பு என்ன நினைத்திருந்தார் என்பது முழுவதுமாக வெளிப்படுகிறது.

‘ஆயினும்’, ‘ஆனாலும்’ வருகிற வாக்கியங்களை நான் தனியாகவே கற்பித்திருக்கிறேன். வேலூர் மாவட்டத் தோல் தொழிற்சாலைக் கழிவு வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996இல் அளித்த தீர்ப்பு நல்ல எடுத்துக்காட்டு. தோல் தொழில் அந்நியச் செலாவணி ஈட்டித் தருகிறது, வேலைவாய்ப்பு அளிக்கிறது, நாட்டுக்கு அது முக்கியமானது என்று அந்தத் தீர்ப்பு ஒப்புக்கொள்கிறது. ஆயினும், சூழலை அழிக்கவோ மக்கள் நலத்துக்குக் கேடாக அமையவோ அதற்கு உரிமை இல்லை என்று முடிக்கிறது. இப்போது அந்த வாக்கியத்தைத் தலைகீழாக்குங்கள்: ‘சூழலை அழிக்க உரிமை இல்லை, ஆயினும் தோல் தொழில் நாட்டுக்கு முக்கியமானது.’ செய்திகள் இரண்டும் அப்படியே இருக்கின்றன, ஆனால் நீதிபதி வேறு இடத்துக்குப் போய்விட்டார். ‘ஆயினும்’ என்பதற்குப் பின்னால் வருவதில்தான் எழுதியவர் காலூன்றி நிற்கிறார் என்பதைப் பிள்ளைகள் ஒரே நாளில் கற்றுக்கொள்வார்கள். அதன்பின் செய்தித்தாளிலும் தாங்களாகவே தேடத் தொடங்குவார்கள்.

உங்களுக்கு வேலூர் தொலைவில் இல்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை மகளைக் கோட்டைக்கு அழைத்துச் செல்லுங்கள். 1806 ஜூலை 10 அன்று விடிவதற்கு முன் அங்கே நடந்ததை மனத்தில் வைத்துக்கொண்டு அகழியோரம் நடந்தால், கண்ணோட்டம் என்ற சொல்லுக்கு வேறு விளக்கம் தேவைப்படாது. நெற்றியில் சமயக்குறி இடக்கூடாது, காதில் கடுக்கன் கூடாது, தாடியைத் திருத்த வேண்டும், தோலால் ஆன குஞ்சம் வைத்த புதுவகைத் தலைப்பாகை அணிய வேண்டும் என்று வந்த ஆணைகளை எதிர்த்துக் கோட்டைக்குள் இருந்த இந்தியச் சிப்பாய்கள் ஆயுதம் எடுத்தார்கள். நூற்றுக்கும் மேற்பட்ட ஆங்கிலேயப் படையினர் கொல்லப்பட்டார்கள். கோட்டைத் தளபதி ஃபேன்கோர்ட்டும் மாண்டார். ஆற்காட்டிலிருந்து குதிரைப்படையோடு விரைந்து வந்த கில்லஸ்பி அன்று காலையிலேயே கோட்டையைத் திரும்பக் கைப்பற்றினார். அதன்பின் சிப்பாய்கள் நூற்றுக்கணக்கில் கொல்லப்பட்டார்கள். ஆளுநர் பெண்டிங்க் பிரபுவும் படைத்தலைவர் கிரேடக்கும் திருப்பி அழைக்கப்பட்டார்கள். அங்கே சிறைவைக்கப்பட்டிருந்த திப்பு சுல்தானின் மக்கள் கல்கத்தாவுக்கு அனுப்பப்பட்டார்கள்.

இந்த நிகழ்வுக்கு ஆங்கிலேயர் வைத்த பெயரைத் தமிழில் சொன்னால் ‘சிப்பாய்க் கலகம்’. பிற்காலத்தில் ‘கிளர்ச்சி’ என்றார்கள், ‘எழுச்சி’ என்றார்கள், ‘வேலூர்ப் புரட்சி’ என்றார்கள். விடுதலைப் போரின் முதல் முழக்கம் என்று சொல்வோரும் உண்டு. அந்தச் சொற்களை ஒரு தாளில் எழுதி, ‘கலகம் என்று யார் சொல்வார், புரட்சி என்று யார் சொல்வார்’ என்று கேளுங்கள். கலகம் செய்கிறவன் மேல் குற்றம் இருக்கிறது. புரட்சி செய்கிறவன் மேல் இல்லை. எழுதியவர் எந்தச் சொல்லை எடுத்தார் என்பதிலேயே குற்றம் யாருடையது என்ற தீர்ப்பும் வந்துவிடுகிறது. நான் மேலே எழுதிய பத்தியையும் மகளிடம் கொடுங்கள். ‘ஆணைகளை எதிர்த்து’ என்று தொடங்கியிருக்கிறேன். ஒருவேளை ‘உறங்கிக்கொண்டிருந்த படையினரை’ என்று தொடங்கியிருந்தால் வாசிப்பவரின் இரக்கம் முதலில் யார் பக்கம் போயிருக்கும்? ‘கில்லஸ்பி கைப்பற்றினார்’ என்று ஆளைச் சொன்ன நான், அடுத்த வாக்கியத்திலேயே ‘சிப்பாய்கள் கொல்லப்பட்டார்கள்’ என்று எழுதியபோது கொன்றவர் யார் என்று சொல்லாமல் விட்டிருக்கிறேன். அதை அவள் கண்டுபிடித்துவிட்டால் அவளுக்கு இந்தப் பாடம் வந்துவிட்டது என்று கொள்ளலாம்.

ஃபேன்கோர்ட்டின் மனைவி அமெலியா அந்த இரவில் தன் குழந்தைகளோடு ஒளிந்திருந்து உயிர் தப்பியவர்; தான் பட்டதைப் பின்னர் எழுதியும் வைத்தார். கணவனை இழந்த, குழந்தைகளை அணைத்துக்கொண்டு இருட்டில் ஒடுங்கியிருந்த ஒரு பெண்ணின் எழுத்தில் அச்சம்தான் இருக்கும். அதில் பொய் இல்லை. ஆனால் அவர் ஒளிந்திருந்த இடத்திலிருந்து சிப்பாயின் நெற்றியில் அழிக்கச் சொன்ன திருநீறு தெரியாது. அந்த இரவைப் பற்றி நமக்குக் கிடைத்திருக்கும் எழுத்துகளில் பெரும்பகுதி ஆங்கிலேயர் பக்கத்திலிருந்து வந்தவை என்பதையும் பிள்ளைகள் அறிந்துகொள்ள வேண்டும். யாருடைய எழுத்து மிஞ்சியது என்ற கேள்வியும் கண்ணோட்டத்தைச் சேர்ந்ததுதான்.

இதெல்லாம் ஏதோ புதிய கல்விமுறை என்று எண்ண வேண்டாம். நன்னூல் என்ற பழைய இலக்கண நூலின் பாயிரத்தை, அதாவது முன்னுரையை, பாருங்கள். ஒரு நூலைக் கையில் எடுப்பவருக்கு ஆக்கியோன் பெயர், வழி, எல்லை, நூலின் பெயர், யாப்பு, நுதலிய பொருள் (நூல் சொல்ல வரும் பொருள்), கேட்போர், பயன் என்ற எட்டையும் சிறப்புப் பாயிரம் காட்ட வேண்டும் என்கிறார் பவணந்தி முனிவர். அடுத்த நூற்பாவிலேயே, ‘காலம் களனே காரணம்’ என்ற மூன்றையும் சேர்த்துச் சொல்வோர் உண்டு என்கிறார். யார் எழுதினார், யார் கேட்பதற்காக எழுதினார், அதனால் என்ன பயன், எப்போது, எங்கே, ஏன்: நோக்கத்தைத் தேடும் பிள்ளைக்கு இதைவிட நல்ல வினாத்தாளை நான் கண்டதில்லை. மகளின் பாடப்புத்தகத்தில் ஒவ்வொரு பாடத்துக்கும் இந்தக் கேள்விகளைக் கேட்டு, விடை தெரியாத இடத்தைக் காலியாக விடச் சொல்லுங்கள். காலியிடம் எத்தனை என்பதே அவளை யோசிக்கவைக்கும்.

எழுதியவர் வேறு, பேசுபவர் வேறு என்பதையும் நம் பழைய பாட்டுகள் கூற்று என்ற பெயரால் பிரித்தே வைத்திருக்கின்றன. குறுந்தொகையில் கபிலர் பாடிய ஒரு பாட்டில், அன்று எங்களுக்குச் சாட்சியாக யாரும் இல்லை, ஓடும் நீரில் ஆரல் மீனைப் பார்த்து நின்ற குருகு என்ற நீர்ப்பறவை மட்டும் இருந்தது என்று சொல்பவள் தலைவி. பாடியவர் கபிலர். ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளிடம் இதைச் சொல்லி, குருகின் கூற்றாக நான்கு வரி எழுதச் சொன்னேன். ஒரு மாணவன், ‘எனக்கு எதுவும் தெரியாது, நான் மீனைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்’ என்று எழுதினான். அருகில் நின்றதாலேயே ஒருவர் எல்லாவற்றையும் பார்த்துவிடுவதில்லை என்பதை அவனுக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை.

சில எச்சரிக்கைகளும் தேவை. அறிவிப்பது, நம்பவைப்பது, மகிழ்விப்பது என்று நோக்கத்தை மூன்று பெட்டிகளாகப் பிரித்துக் கற்பிக்கும் முறை இப்போது பரவலாக இருக்கிறது. தொடக்கத்துக்கு அது உதவும். ஆனால் பெட்டியின் பெயரைச் சொன்னதும் வேலை முடிந்தது என்று பிள்ளைகள் நின்றுவிடுகிறார்கள். நல்ல எழுத்து பெரும்பாலும் ஒரு பெட்டிக்குள் அடங்குவதும் இல்லை. ‘மகிழ்விக்க’ என்று சொன்னால், எந்த வரியில் சிரிப்பு வந்தது, யாரைப் பார்த்துச் சிரிக்கவைக்கிறார் என்று தொடர்ந்து கேளுங்கள். இன்னொன்று, எழுதுகிறவர்கள் எல்லாரும் நம்மை ஏமாற்றப் பார்க்கிறார்கள் என்ற எண்ணம் பிள்ளைக்கு வந்துவிடக் கூடாது. விளம்பரத்தை மட்டுமே எடுத்துக்காட்டாகக் காட்டினால் அப்படித்தான் ஆகும். அக்கறையோடு எழுதுகிறவருக்கும் நோக்கம் உண்டு, கண்ணோட்டம் உண்டு. அதைக் கண்டுகொள்வது அவரை நெருங்கிப் புரிந்துகொள்வதற்கே. இன்னும் சிறிய பிள்ளைகளுக்கு, எட்டு ஒன்பது வயதுக்குள், புத்தகமே வேண்டாம். அண்ணன் தம்பி சண்டையை இருவரையும் தனித்தனியாகச் சொல்லச் சொல்லி, எதை யார் விட்டுவிட்டார்கள் என்று பார்த்தாலே போதும்.

குடியாத்தம் பக்கம் பல வீடுகளில் தெலுங்கும், ஆம்பூர், வாணியம்பாடி பக்கம் உருதும் பேசுகிறார்கள். உங்கள் வீடும் அப்படியென்றால் அதைக் குறையாக எண்ணாதீர்கள். பாட்டி தெலுங்கில் சொல்லும் கதையை மகள் தமிழில் உங்களிடம் சொல்லும்போது எந்தச் சொல்லுக்குத் தடுமாறுகிறாள் என்று கவனியுங்கள். அந்தத் தடுமாற்றத்தில், ஒரு சொல்லுக்குப் பதில் இன்னொரு சொல்லைத் தேர்ந்தெடுப்பது என்றால் என்ன என்பதை அவள் ஏற்கெனவே செய்துகொண்டிருக்கிறாள்.

கடைசியாகத் தேர்வுக்கு வருகிறேன், ஏனென்றால் உங்கள் கவலை அதிலும் இருக்கிறது. ‘நல்லறிவு ஊட்டுவதே நோக்கம்’ என்று எழுதும் இடத்தில் மூன்று வாக்கியங்கள் எழுதப் பழக்குங்கள். யாருக்காக எழுதினார் என்று ஒரு வாக்கியம். அவர்கள் என்ன நினைக்க வேண்டும், அல்லது என்ன செய்ய வேண்டும் என்று விரும்புகிறார் என்று ஒரு வாக்கியம். அதைக் காட்டும் சொல்லைப் பாடத்திலிருந்தே எடுத்து மேற்கோள் குறிக்குள் வைத்து ஒரு வாக்கியம். முதல் சில வாரங்கள் மூன்றாவது வாக்கியத்துக்கு நேரம் பிடிக்கும். பாடத்தை மறுபடி மறுபடி புரட்டுவாள். அவசரப்படுத்தாமல் பக்கத்தில் உட்கார்ந்திருங்கள்.